என் கம்ப்யூட்டரில் தெரிகிறதே!

சொந்தமாக வெப் பக்கம் செய்பவர்களிடமிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: ‘என் கம்ப்யூட்டரில் நன்றாகத் தெரிகிறதே!’ தெரியாமல் என்ன செய்யும்? கோப்பு அங்கேதானே இருக்கிறது. சரி, கேள்விகளுக்கு வருவோம்.

நான் போட்ட படம் எனக்குத் தெரிகிறது. ஊரில் இருக்கும் அக்காவின் போனில் வரவில்லை. ஏன்?

படத்தைக் காட்டச் சொல்லும் ஐஎம்ஜி டேகில் என்ன முகவரி எழுதியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். சி டிரைவ், யூசர்ஸ், டெஸ்க்டாப் என்று போனால் அது உங்கள் வீட்டு பீரோவின் இரண்டாம் தட்டு. அக்காவின் போன் அங்கே எப்படி வரும்? பக்கம் இருக்கும் ஃபோல்டரிலேயே படத்தையும் போட்டு, வெறும் கோப்புப் பெயரைக் கொடுங்கள். இரண்டையும் சர்வரில், அதாவது பக்கத்தை ஊருக்கெல்லாம் காட்டும் கம்ப்யூட்டரில், ஏற்றுங்கள். அப்புறம் வேறொரு போனில் திறந்து பாருங்கள்.

முகவரியில் எச்டிடிபிஎஸ், கோலனுக்குப் பிறகு இரண்டு சாய்கோடு எதற்கு?

இல்லாமலே சமாளித்திருக்கலாம் என்று வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீயே 2009-ல் ஒப்புக்கொண்டுவிட்டார். இனி மாற்றவா முடியும்?

நோட்பேடில் எழுதி இன்டெக்ஸ்.எச்டிஎம்எல் என்று சேமித்தேன். டபுள் கிளிக் செய்தால் பக்கம் வராமல் நோட்பேடே மறுபடி திறக்கிறது.

உங்கள் கோப்பின் முழுப்பெயர் இன்டெக்ஸ்.எச்டிஎம்எல்.டிஎக்ஸ்டி. விண்டோஸ் அந்த வாலை மறைத்து வைத்திருக்கிறது. சேமிக்கும்போது ‘ஆல் ஃபைல்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

கோயில் திருவிழாப் பக்கத்தில் 40 படங்கள். என் கம்ப்யூட்டரில் எல்லாம் வருகின்றன. சர்வரில் ஏற்றியதும் பாதியைக் காணோம். சர்வர் கோளாறா?

சர்வர் மேல் பழி போடாதீர்கள். நீங்கள் அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். கேமரா கொடுத்த பெயர்களில் ஜேபிஜி என்பது பெரிய எழுத்தில் இருக்கிறது. உங்கள் டேகில் சின்ன எழுத்து. விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கும். வெப் சர்வர்களில் பெரும்பாலானவை லினக்ஸ்; அங்கே அவை இரண்டு வேறு கோப்புகள். முகவரியில் டொமைன் பெயரில், அதாவது தளத்தின் பெயரில், மட்டும்தான் பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்பது பொருட்டல்ல. அதற்குப் பிறகு வரும் சாய்கோட்டிலிருந்து ஜாக்கிரதை.

பட்டியலில் இன்னொரு கொடுமை, ‘தேர் போட்டோ ஃபைனல் புதுசு (2)’ என்று ஆங்கிலத்தில் இடைவெளியோடு ஒரு பெயர். பிரவுசர் ஒவ்வொரு இடைவெளியையும் %20 ஆக்கும். அதே முகவரியை வாட்ஸ்அப்பில் கையால் தட்டி அனுப்பினால் முதல் இடைவெளியோடு லிங்க் அறுந்துவிடும். வருடக்கணக்காகச் சொல்கிறேன்: சின்ன எழுத்து, எண், நடுவில் ஒரு சிறுகோடு. வேறெதுவும் வேண்டாம். ஒருமுறை ஒரு பள்ளி ஆண்டு விழாவுக்கு 200 படங்களை இப்படியே ஏற்றிவிட்டு, விடியவிடிய பெயர் மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் கோபம்தான் இது.

பெயரை ஏற்றுவதற்கு முன்பே சரிசெய்யுங்கள். ஊருக்கெல்லாம் அனுப்பிய பிறகு மாற்றினால் பழைய முகவரிக்குப் போகிறவர்களுக்கு ‘பக்கம் இல்லை’ என்ற 404தான்.

முகவரியில் தமிழ் எழுத்து வைக்கலாமா?

தாராளமாக. டொமைனின் கடைசியில் .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று தமிழிலேயே இருக்கின்றன. ஆனால் பக்கத்தின் பெயரைத் தமிழில் வைத்து, அதை நகல் எடுத்து ஒட்டினால் நீண்டுவிடும். ‘தமிழ்’ என்ற சொல்லில் கணினிக்கு ஐந்து குறிகள்: த, ம, இகரக் கொம்பு, ழ, புள்ளி. முன்பு இடைவெளி %20 ஆனதுபோல ஒவ்வொன்றும் % குறிகளோடு ஒன்பது எழுத்தாக விரியும். மொத்தம் 45. பார்ப்பவர் வைரஸ் என்று நினைத்து அழித்துவிடுவார்.

எழுத்து பெரிதாகத் தெரிய எல்லாப் பத்திக்கும் எச்1 போட்டேன். தவறா?

தவறுதான். எச்1 என்றால் தலைப்பு என்று அர்த்தம், அளவு அல்ல. பார்வையற்றவரின் திரைவாசிப்பான் உங்கள் பத்தி ஒவ்வொன்றையும் தலைப்பு, தலைப்பு என்று அறிவிக்கும். அளவுக்கு, தோற்றத்தைக் கவனிக்கும் சிஎஸ்எஸ் இருக்கிறது.

தமிழ் எல்லாம் கேள்விக்குறியாக வருகிறது. எனக்கு மட்டும் சரியாக வந்தது.

மறுபடியும் ‘எனக்கு மட்டும்’! சேமிக்கும்போது என்கோடிங், அதாவது எழுத்துகளைக் கோப்பில் பதியும் முறை, தமிழுக்கு இடமில்லாத ஏஎன்எஸ்ஐ என்று இருந்திருக்கும். அப்படிச் சேமித்து மூடிய கோப்பில் தமிழ் போனது போனதுதான், மறுபடி தட்டச்சு செய்யுங்கள். சேமித்த பிறகும் நோட்பேடை மூடாமல் வைத்திருந்ததால் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. இனி தமிழும் அடங்கும் யுடிஎஃப்-8-ல் சேமித்து, ஹெட் பகுதியில் பிரவுசருக்கு என்கோடிங்கைச் சொல்லும் மெட்டா சார்செட்டிலும் அதையே எழுதுங்கள். அப்புறம், வேறொரு போன்.

சார், என் வெப்சைட் வரவில்லை. அவசரம்.

எந்த முகவரி? திரையில் என்ன பிழை வந்தது? இரண்டையும் எழுதி மறுபடி அனுப்புங்கள்.