கறுப்பினக் குழந்தைங்ககிட்ட நிறவெறி பத்திப் பேசினா பயந்துடாதா?

அமெரிக்கால கறுப்பின அப்பா அம்மா பிள்ளைங்ககிட்ட ஏன் இதெல்லாம் பேசணும், அது பாட்டுக்கு விளையாடட்டுமேன்னு கேட்டிருக்கீங்க. பேசலைன்னாலும் தெரிஞ்சுடும்ங்க. 1940கள்லயே கென்னத் கிளார்க், மேமி கிளார்க்னு ஒரு கறுப்பின உளவியலாளர் தம்பதி, குழந்தைங்க முன்னாடி வெள்ளை பொம்மையும் கறுப்பு பொம்மையும் வெச்சு எது நல்ல பொம்மைன்னு கேட்டாங்க, நிறைய கறுப்பினக் குழந்தைங்களே வெள்ளையத்தான் காட்டுச்சுங்க.

'தி டாக்' (The Talk, 'அந்தப் பேச்சு')னு அங்க சொல்றது, கறுப்பின அப்பா அம்மா பிள்ளைங்களுக்கு, போலீஸ் நிறுத்தினா கைய வெளிய தெரியுற மாதிரி வை, பாக்கெட்ல விடாதன்னு சொல்லித்தர்றது. 2014ல கிளீவ்லேண்ட்ல பொம்மைத் துப்பாக்கி வெச்சிருந்த 12 வயசு தமீர் ரைஸ போலீஸ் சுட்டுக் கொன்னதுக்கப்புறம் எந்த அம்மா பேசாம இருப்பாங்க? ஆனா இதோட நிறுத்தினா பயம்தான் மிஞ்சும், அதுல நீங்க சொல்றது சரி.

பென்சில்வேனியா யுனிவர்சிட்டி உளவியலாளர் ஹோவர்ட் ஸ்டீவன்சன் சொல்ற வழி எனக்குப் பிடிக்கும். கடையில செக்யூரிட்டி என் பின்னாடியே வந்தான்னு பையன் வந்து சொல்றான்னு வைங்க, உடனே அட்வைஸ் ஆரம்பிக்காம, 1லேர்ந்து 10க்குள்ள எவ்ளோ கோவம் வந்துச்சு, உடம்புல எங்க தெரியுது, வயிறு பிசையுதா, மனசுக்குள்ள என்ன சொல்லிக்கிட்டேன்னு கேட்டுட்டு, மூச்ச நல்லா இழுத்து விடச் சொல்லணும். அவரும் ரியானா ஆண்டர்சன்ங்கிற உளவியலாளரும் சேர்ந்து 'எம்பிரேஸ்'னு குடும்பங்களுக்கு ஒரு தெரபி ப்ரோக்ராமே பண்ணாங்க, அதுல பெத்தவங்களோட பழைய காயத்தையும் பேச வைப்பாங்க, ஏன்னா அம்மாவே நடுங்கிட்டிருந்தா புள்ள என்னத்தக் கேக்கும்.