வலைத்தளத் தொழிலில் வாடிக்கையாளரைத் தக்கவைப்பது எப்படி? கரூரிலிருந்து ஒரு பதில்

"தனியாளாக வலைத்தளம் வடிவமைத்துக் கொடுக்கும் தொழிலைத் தொடங்கப்போகிறேன். வாடிக்கையாளர்கள் ஒரே வேலையோடு போய்விடாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கரூரில் பதினோரு ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்கிறேன். நானும், பகுதி நேரமாக வரும் ஒரு தம்பியும்தான் நிறுவனம். எங்கள் ஊர்ப் பிழைப்பு உங்களுக்குத் தெரிந்திருக்கும்: வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி, கொசுவலை, பஸ் பாடி கட்டும் பட்டறைகள். என் வாடிக்கையாளர்களும் பெரும்பாலும் இவர்கள்தாம். நடுவே இரண்டு பல் மருத்துவர்கள், ஒரு கல்யாண மண்டபம்.

நான் சொல்லப்போவது பிழைக்கத் தெரியாதவன் பேச்சாகத் தோன்றலாம். வாடிக்கையாளர் நாளைக்கே உங்களை விட்டுப் போக நினைத்தாலும் தடையில்லாமல் போகும்படி எல்லாச் சாவிகளையும் முதல் நாளே அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் வேறு எங்கோ சூடுபட்டு வந்தவர்கள். மேசைவிரிப்பு ஏற்றுமதி செய்யும் ஒருவர் வந்தார். தொழிற்சாலை இடம் மாறி இரண்டு ஆண்டாகியும் தளத்தில் பழைய முகவரியே நின்றது. டொமைன், அதாவது தளத்தின் இணைய முகவரி, யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டேன். "இது என்ன கேள்வி தம்பி? என் கம்பெனி பெயர்தானே அது?" என்றார். தன் நிறுவனப் பெயர் முகவரியில் இருப்பதால் அது தன்னுடையது என்றே நம்பியிருந்தார். உண்மையில் அதை வாங்கியது வடிவமைப்பாளர், தன் பெயரில், தன் மின்னஞ்சலில். அந்த ஆளோ இத்தொழிலை விட்டு வேலைக்காகப் பெங்களூரு போய்விட்டார். அவர் மோசக்காரர் அல்லர். தேடிப் பிடித்துப் பேசியபோது வருத்தப்பட்டார். ஆனால் அந்தப் பழைய மின்னஞ்சலின் பாஸ்வேர்ட் அவருக்கே மறந்துவிட்டது. அதை மீட்டு டொமைனை உரியவர் பெயருக்கு மாற்ற மூன்று மாதம் ஆயிற்று.

அடுத்தவர் கதையைச் சொல்லிவிட்டு என் கதையை மறைத்தால் நியாயம் இல்லை. நானும் தொடக்கத்தில் எல்லாருடைய டொமைனையும் என் கணக்கிலேயே வாங்கி வைத்திருந்தேன். அவர்களுக்கு எதற்குத் தொந்தரவு என்ற எண்ணம்தான். டாட் காம் முகவரி காலாவதியாவதற்குச் சுமார் ஒரு மாதம் முன்பு ஒருமுறையும் ஒரு வாரம் முன்பு ஒருமுறையும் அதை விற்ற பதிவு நிறுவனம் நினைவூட்ட வேண்டும் என்பது விதி. ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் முகவரிக்கு நினைவூட்டல் வந்தது. முப்பது பேருடைய நினைவூட்டல்களோடு சேர்ந்து என் பெட்டியில் கிடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை முகவரி காலாவதியாகித் தளம் நின்றது. தளம் நின்றதை யாரும் கவனிக்கவில்லை. அதே முகவரியில் இயங்கிய மின்னஞ்சலும் நின்றதைத் திங்கட்கிழமை கவனித்தார்கள். ஏற்றுமதிக்காரருக்குத் தளம் பெயர்ப்பலகை என்றால் மின்னஞ்சல் கல்லாப்பெட்டி.

காலாவதிக்குப் பிறகு தரும் சலுகை நாட்களுக்குள் இருந்ததால் வழக்கமான கட்டணத்திலேயே புதுப்பித்துவிட்டேன். அதையும் தாண்டினால் முப்பது நாள் மீட்புக் காலம். அதில் கட்டணம் பல மடங்கு. அதன் பிறகு ஐந்து நாளில் முகவரி நீக்கப்பட்டு, யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்றாகிவிடும். முதலாளி சத்தம் போடவில்லை. "இந்த மூன்று நாளில் வந்த மெயில் எல்லாம் எங்கே போயிருக்கும்?" என்று மட்டும் கேட்டார். அனுப்பியவர்களுக்கே திரும்பிப் போயிருக்கும் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

அன்றிலிருந்து வழக்கத்தை மாற்றினேன். டொமைன் வாங்கும் நாளில் வாடிக்கையாளர் அலுவலகத்துக்கே போகிறேன். அவருடைய கணினி, அவருடைய கார்டு, ஓடிபி வருவதும் அவருடைய கைபேசிக்கு. பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்வது மட்டும் என் வேலை. இரண்டு டீயும் ஒரு பிற்பகலும் செலவாகும். ஒரு நுணுக்கம்: அந்தக் கணக்குக்குக் கொடுக்கும் மின்னஞ்சல் அதே டொமைனில் இயங்குவதாக இருக்கக் கூடாது. டொமைன் நின்றால் அதை மீட்பதற்கான கடிதமும் வந்து சேராது. வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். பிறகு எது எங்கே வாங்கப்பட்டது, எந்தக் கணக்கில் இருக்கிறது, எந்தத் தேதியில் புதுப்பிக்க வேண்டும் என்று ஒரே தாளில் அச்சிட்டு, ஜிஎஸ்டி சான்றிதழ் இருக்கும் கோப்பிலேயே வைக்கச் சொல்கிறேன். பாஸ்வேர்டை அதில் எழுதுவதில்லை. பெரும்பாலும் அந்தக் கோப்பு இருக்கும் இடம் கணக்காளருக்குத்தான் தெரியும். ஆகவே அவரோடு நட்பாக இருங்கள். முதலாளியைவிட அவர்தான் உங்களுக்கு அதிகம் தேவைப்படுவார்.

இனி, வேலை இழுத்துக்கொண்டே போவதற்கான காரணம். வடிவமைப்பு இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். படமும் எழுத்தும் வந்துசேர நான்கு மாதமாகும். "நாளைக்கு அனுப்புகிறேன்" என்பார்கள். வரும் படம் நான்கு பேர் கைமாறி, வாட்ஸ்அப்பில் சுருங்கி, தறியில் ஓடும் துணியா தரையில் கிடக்கும் சாக்கா என்று தெரியாத நிலையில் வரும். கேட்டு அலுத்துப்போய், இப்போது நானே ஒரு நாள் போய் எடுத்துவிடுகிறேன். பஸ் பாடிப் பட்டறை என்றால் காலை ஒன்பதுக்குள் போக வேண்டும். வெயில் ஏறிவிட்டால் தகரத்தின் பளபளப்பில் படம் வெளுத்துவிடும். இதற்கான கூலியைக் கொட்டேஷனிலேயே எழுதிவிடுங்கள், பிறகு கேட்டால் முகம் சுளிப்பார்கள்.

தமிழ் எழுத்து வேறொரு தலைவலி. அச்சகத்தில் தட்டச்சு செய்த கையேட்டைத் தருவார்கள். அது பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் இருக்கும். தளத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் கிறுக்கல் தெரியும். எல்லாக் கணினியிலும் தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றும் கருவிகள் இருக்கின்றன. ஆனால் மாற்றியபின் ஒருமுறை முழுதாகப் படியுங்கள். 'கௌரவம்' என்பதில் ஔகாரக் குறி போய் ஒற்றைக்கொம்பும் ளகரமுமாக உட்கார்ந்திருக்கும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, தேடினால் கிடைக்காது. கல்யாண மண்டபக்காரரின் குலதெய்வம் பெயர் இப்படித்தான் தப்பாகிப் போயிருந்தது. அவர் மகள் கண்டுபிடித்துச் சொன்னார்.

எல்லா வேலையையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். பட்டாசுக் கடை வைத்திருக்கும் ஒருவர் இணையத்தில் ஆர்டர் எடுக்கும் தளம் கேட்டார். இணையவழிப் பட்டாசு விற்பனைக்கு உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தடை விதித்திருக்கிறது. "எல்லாரும் செய்கிறார்களே" என்றார். அதுவும் உண்மைதான். கடை முகவரியும் திறந்திருக்கும் நேரமும் போட்டு ஒரு பக்கம் செய்து தருகிறேன் என்றேன். அவர் வேறொருவரிடம் போய்விட்டார். அந்தத் தீபாவளிக்குக் கை கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருந்தது.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. பாதித் தொகை முன்பணம் இல்லாமல் தொடங்க வேண்டாம். "முதல் ஆண்டு ஹோஸ்டிங் இலவசம்" என்று, அதாவது தளத்தை வைக்கும் சர்வர் வாடகை இலவசம் என்று, சொல்லாதீர்கள். இரண்டாம் ஆண்டு பில்லை நீட்டும்போது நீங்கள்தான் ஏமாற்றுக்காரர் ஆவீர்கள். பொதுவாகச் சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். பதிவு செய்யாதவர் பில்லில் 18 சதவீதம் சேர்க்கக் கூடாது. ஏற்றுமதிக்காரர்கள் உள்ளீட்டு வரிக்காக, அதாவது வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வதற்காக, வரியோடு பில் கேட்பார்கள். முன்கூட்டியே நிலைமையைச் சொல்லிவிடுங்கள்.

சாவியைக் கொடுத்துவிட்டால் ஓடிவிட மாட்டார்களா என்று அடுத்து கேட்பீர்கள். இதுவரை மூன்று பேர் போயிருக்கிறார்கள். ஒருவருக்கு மருமகனே வலைத்தளம் செய்பவராக அமைந்துவிட்டார். அதற்கு நான் என்ன செய்ய முடியும்? இன்னொருவரின் புதிய வடிவமைப்பாளர் கோப்பில் இருந்த அந்த ஒற்றைத் தாளைப் பார்த்துவிட்டு என்னை அழைத்தார். ஏதோ சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அதே படிவத்தை நிரப்பாமல் வெறுமனே அனுப்ப முடியுமா, தன்னுடைய மற்ற வாடிக்கையாளர்களுக்கும் வேண்டும் என்றார். அனுப்பிவைத்தேன்.