தாத்தா பெருக்கிய சாக்கடை

அன்புள்ள அக்கா,

எனக்கு 29 வயது. சிங்கப்பூரில் குடியிருப்புப் பேட்டைகளைப் பராமரிக்கும் ஒரு நகர மன்றத்தில் பேட்டை அதிகாரியாக ஐந்து ஆண்டுகளாக இருக்கிறேன். எரியாத விளக்கு, அடைத்துக்கொண்ட குப்பைக் குழாய், நடைபாதையில் சைக்கிள் என்று நாள் முழுவதும் புகார்கள்தாம். தனியார் அடுக்குமாடி வளாகம் ஒன்றில் கூடுதல் சம்பளத்துக்கு அழைக்கிறார்கள். “உன் தாத்தா முனிசிபாலிட்டியில் சாக்கடை பெருக்கினார். நீ பட்டம் வாங்கிவிட்டு அதே சாக்கடைக்குப் போகிறாயே” என்று அம்மா வருந்துகிறார். நிர்வாகத்தில் உயர வேண்டும் என்பது என் ஆசை. இந்தத் துறையில் அதற்கு இடம் உண்டா?

க., ஈசூன்

அன்புள்ள தம்பி,

அம்மாவிடம் முதலில் பேசுங்கள். தாத்தாவின் காலத்தில் நம் ஆட்கள் ஆயிரக்கணக்கில் அந்த வேலையில் இருந்தார்கள். துடைப்பமும் மண்வெட்டியும் அவர்கள் கையில் இருந்தன; எந்தச் சாக்கடையை எப்போது கட்டுவது, பணம் எதற்குப் போவது என்று முடிவு செய்த மேசை வேறெங்கோ இருந்தது. நீங்கள் போக விரும்புவது அந்த மேசைக்கு. தாத்தா விட்ட இடத்திலிருந்துதான் போகிறீர்கள்.

இங்கே உள்ளாட்சி ஒருமுறை அறுந்து மறுபடி துளிர்த்தது. 1957 டிசம்பரில் தேர்தல் நடந்து, மேயரோடு அமர்ந்த நகராண்மைக் கழகத்தின் பணிகளை 1959க்குப் பிறகு அரசாங்கமே எடுத்துக்கொண்டது. அடுக்குமாடிப் புளோக்குகளைப் பின்னர் வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், பராமரித்தது. 1986இல் அங் மோ கியோவில் சோதனையாகத் தொடங்கி, 1988இல் சட்டம் வந்து, நகர மன்றங்கள் பிறந்தன. பேட்டையை நடத்தும் பொறுப்பு மக்கள் தேர்ந்தெடுத்த நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் வந்தது. தனியார் வளாகத்தில் இந்தப் பொறுப்பு கிடையாது. அங்கே நீச்சல்குளம் சுத்தமாக இருந்தால் போதும்.

நான் இருபத்து நான்கு ஆண்டுகள் இந்த வேலையில் இருந்தவள். சேர்ந்த புதிதில் எனக்குக் கொடுத்த பழைய புளோக் ஒன்றில், மின்தூக்கி முதல், ஐந்தாம், ஒன்பதாம் மாடிகளில் மட்டும் நிற்கும். ஏழாம் மாடியில் ஒரு சீன மூதாட்டி. வாரம் மூன்று நாள் சிறுநீரகச் சுத்திகரிப்புக்குப் போவார். போகும்போது ஐந்தாம் மாடிக்கு இறங்கி மின்தூக்கி பிடிப்பார். திரும்பும்போது ஒன்பதுக்குப் போய் இரண்டு மாடி இறங்குவார். படியேற அவரால் முடியாது. “கட்டடம் அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது” என்று நான் பதில் எழுதினேன். அந்த வாக்கியம் இன்றும் என்னை உறுத்துகிறது.

2001இல், எல்லா மாடிகளிலும் மின்தூக்கி நிற்கச் செய்யும் மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் வந்தது. ஆனால் 75 விழுக்காடு குடும்பங்கள் சம்மதித்து வாக்களித்தால்தான் வேலை நடக்கும். வீட்டுக்காரர்களும் செலவில் ஒரு பங்கு கட்ட வேண்டியிருந்தது. ஒன்பதாம் மாடிக்காரருக்கு இதில் என்ன ஆதாயம்? அவர் வாசலில் ஏற்கனவே மின்தூக்கி நிற்கிறது. அந்த வீடுகளுக்குத்தான் மாலை வேளைகளில் போனேன். மலாயில் கொஞ்சம், ஹொக்கியனில் நாலு சொல், மீதி சைகை. பாட்டி இரண்டு மாடி இறங்கும் கதையை ஒவ்வொரு வாசலிலும் சொன்னேன். வாக்கு தேறியது. நிர்வாகம் என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது வகுப்பறையில் அல்ல, அந்த நடைபாதையில்தான். புகாருக்கு விடையளிப்பதற்கும் புகாரின் வேரைப் பிடுங்குவதற்கும் இடையே பணம், சட்டம், பக்கத்து வீட்டுக்காரரின் மனம் எல்லாம் இருக்கின்றன. மூன்றையும் ஒருவரே கையாளும் வேலை இந்த ஊரில் அதிகம் இல்லை.

உங்களுக்கு நடைபாதை தெரியும். பணம் தெரியாது என்று ஊகிக்கிறேன். பேட்டை அதிகாரிகள் பலர் தேங்கி நிற்பது அங்கேதான். வீட்டுக்காரர் கட்டும் சேவை, பராமரிப்புக் கட்டணம், அதற்கான அரசாங்க மானியம் இரண்டிலும் குறைந்தது 26 விழுக்காடு நீண்டகாலப் பணிகளுக்கான சேமநிதிக்கும் 14 விழுக்காடு மின்தூக்கி மாற்று நிதிக்கும் போக வேண்டும் என்பது 2017இலிருந்து விதி. நூறு வெள்ளியில் நாற்பது வெள்ளி இன்றைக்குச் செலவாகாமல் ஒதுங்குகிறது. மீதி அறுபதில் துப்புரவு, மின்சாரம், சம்பளம் எல்லாம் அடங்க வேண்டும். “ஏன் இன்னும் வெள்ளையடிக்கவில்லை?” என்று மக்கள் சந்திப்பில் ஒருவர் கேட்கும்போது இந்தக் கணக்கை அவருக்குப் புரியும்படி சொல்ல முடிந்தவரே மேலாளர் ஆகிறார்.

ஒரு எச்சரிக்கை. தேர்தலுக்குத் தேர்தல் எல்லைக்கோடு மாறும், உறுப்பினர் மாறுவார், சில புளோக்குகள் வேறு மன்றத்துக்குப் போகும். யார் தலைவராக வந்தாலும் அதே கணக்கை, அதே நேர்மையோடு ஒப்படைக்கத் தெரிய வேண்டும். கட்சிக்காரராக அறியப்பட்ட அதிகாரிக்கு நீண்ட காலம் இல்லை. அப்படி நல்ல திறமைசாலிகள் இருவர் ஒதுங்கிப்போனதைப் பார்த்தேன், மனம் கனத்தது.

சம்பளத்தில் தனியாரோடு போட்டிபோட முடியாது. வீட்டுக்கடன், குழந்தை என்று நெருக்கடி இருந்தால் போங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அப்படி இல்லையென்றால், இன்னும் இரண்டு ஆண்டுகள் இருங்கள். மேலாளரிடம் போய், ஒப்பந்தப் பிரிவுக்கோ நிதிப் பிரிவுக்கோ மாற்றம் கேளுங்கள். முதுகலை நிர்வாகப் படிப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கட்டட வசதி நிர்வாகத்தில் ஒரு பட்டயம் இப்போது அதிகம் உதவும்.

அதற்கு முன், உங்கள் மன்றத்தின் தணிக்கை செய்யப்பட்ட ஆண்டுக் கணக்கை எடுத்து, ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து படியுங்கள். புரியாத வரிகளுக்கு அடியில் கோடு போட்டு எனக்கு அனுப்புங்கள். சேர்ந்தே பார்ப்போம்.

அன்புடன்,
அக்கா