வாசகர் கேள்வி-பதில்: பழைய மோட்டார்ஹோமுக்கு எந்த ரேடியேட்டர்?

கேள்வி: பணி ஓய்வுக்குப் பிறகு நானும் என் மனைவியும் 1976-ஆம் ஆண்டு தயாரான 26 அடி நீள ஜி.எம்.சி. மோட்டார்ஹோம் (வீட்டு வசதிகள் கொண்ட பெரிய வண்டி) ஒன்றை வாங்கி, கலிஃபோர்னியாவைச் சுற்றி வருகிறோம். சமவெளியில் வண்டி சீராக ஓடுகிறது. கோடையில் லாஸ் ஏஞ்சல்ஸ் நோக்கிச் செல்லும் வழியில் கிரேப்வைன் மேட்டில் ஏறும்போது மட்டும் இன்ஜின் சூடேறி, முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிடுகிறது. ரேடியேட்டரின் ஓரத்தில் பச்சைக் கறை படிந்து லேசான கசிவும் தெரிகிறது. புதிதாக மாற்றுவதென்றால் செம்பு-பித்தளையா, அலுமினியமா? நான்கு வரிசைக் குழாய்கள் உள்ள கோர் (ரேடியேட்டரின் நடுப்பகுதி) கொண்டதை வாங்கினால் இனிக் கவலையே இராது என்கிறார் நண்பர் ஒருவர். லாரி ஓட்டிய என் தந்தை, கசிவு கண்டால் ரேடியேட்டரில் மஞ்சள் தூளைப் போடுவார். அதைச் செய்து பார்க்கலாமா?
- வாசகர், ஃப்ரீமாண்ட்

பதில்: மஞ்சள் தூளிலிருந்தே தொடங்குகிறேன். அடுத்த ஊர் வரை சரக்கைக் கொண்டு சேர்க்க வேண்டியிருந்த உங்கள் தந்தைக்கு அது கைகொடுத்திருக்கும். தூள் வெந்நீரில் ஊறி உப்பி, ஊசித்துளை அளவுள்ள ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும். ஆனால் ஓட்டையை அடைக்கும் அதே தூள், ரேடியேட்டரின் குறுகலான குழாய்களிலும் வண்டியின் ஹீட்டருக்குள்ளும் படிந்து அவற்றையும் அடைக்கும். கசிவை அடைக்கும் மருந்து என்று கடையில் விற்கும் பெரும்பாலான திரவங்களும் இதே வகையில்தான் வேலை செய்கின்றன. நடுவழியில் வேறு வழியே இல்லாதபோது செய்யலாம். ஏற்கெனவே மேட்டில் சூடேறும் வண்டியில், ஊரில் இருந்துகொண்டு அதைச் செய்யாதீர்கள்.

இந்த வண்டி மேட்டில் எவ்வளவு வெப்பத்தைக் கையாள வேண்டியிருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால், எந்த ரேடியேட்டர் வேண்டும் என்பது பாதி விளங்கிவிடும். 1973 முதல் 1978 வரை தயாரான இந்த மோட்டார்ஹோமின் முன்சக்கர இயக்க அமைப்பு, ஓல்ட்ஸ்மொபீல் டொரோனாடோ காரிலிருந்து வந்தது. உங்கள் வண்டியில் உள்ள 455 கன அங்குல, அதாவது ஏறத்தாழ 7.5 லிட்டர் வி-8 இன்ஜினும், 425 டர்போ ஹைட்ராமேட்டிக் கியர்பெட்டியும் ஒரு காரை இழுக்க உருவானவை. அவை இங்கே சாமான்களோடு ஐந்து டன்னைத் தாண்டும் ஒரு வீட்டை இழுக்கின்றன. 5,300 கிலோ எடையுள்ள வண்டி நூற்றுக்கு ஆறு சரிவுள்ள மேட்டில் மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவதாக வைத்துக்கொண்டால், காற்றின் எதிர்ப்பையும் டயர்களின் உராய்வையும் கணக்கில் சேர்க்காமலே, உயரம் ஏறுவதற்கு மட்டும் ஏறத்தாழ 60 கிலோவாட் சக்தி தேவைப்படுகிறது. பெட்ரோல் எரிந்து வரும் ஆற்றலில் தோராயமாக மூன்றில் ஒரு பங்கு சக்கரத்துக்கும், ஒரு பங்கு புகையோடும், ஒரு பங்கு இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டுக்குள்ளும் போகிறது. எனவே ஆயிரம் வாட் வாட்டர் ஹீட்டர்கள் அறுபதை ஒரே நேரத்தில் போட்டால் எவ்வளவு சூடு வருமோ, அதற்குக் குறையாத வெப்பத்தை உங்கள் ரேடியேட்டர் மேட்டின் உச்சியில் சுமார் 1,260 மீட்டர் உயரமுள்ள டெஹோன் கணவாயை எட்டும் வரை இடைவிடாமல் வெளியேற்ற வேண்டும். சமவெளியில் இதில் ஒரு சிறு பகுதிதான் தேவைப்படுகிறது. அதனால்தான் பாதி அடைத்துக்கொண்ட ரேடியேட்டர் கூட அங்கே நல்லதுபோலக் காட்டிக்கொள்கிறது.

கசிவு இருப்பதால் உங்கள் ரேடியேட்டருக்கு வேலை இருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் மேட்டில் சூடேறுவதற்கு அது ஒன்றே காரணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முதலில் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்றை வாங்கி, கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் உறையின் வெப்பத்தை அளந்து, முள் காட்டுவது உண்மைதானா என்று பாருங்கள். இவ்வளவு பழைய வண்டியில் முள் பொய் சொல்வது சாதாரணம். பிறகு, நன்கு சூடேறிய நிலையில் ரேடியேட்டரின் முகம் முழுவதும் அந்த வெப்பமானியை நகர்த்திப் பாருங்கள். கூலன்ட் நுழையும் பக்கத்திலிருந்து வெளியேறும் பக்கம் வரை வெப்பம் படிப்படியாகக் குறைந்தால் நல்லது; நடுவில் திட்டுத்திட்டாகக் குளிர்ந்த இடங்கள் தெரிந்தால், அங்கே குழாய்கள் அடைத்திருக்கின்றன.

அடுத்து, விசிறியை இன்ஜினோடு இணைக்கும் விசிறி கிளட்ச். ரேடியேட்டரைத் தாண்டி வரும் காற்று சூடேறும்போது இந்த கிளட்ச் இறுகி, விசிறி பெரும் இரைச்சலோடு சுழல வேண்டும். மேட்டில் முள் ஏறியும் அந்த இரைச்சல் கேட்கவில்லை என்றால், புதிய ரேடியேட்டர் வாங்கினாலும் பயனில்லை. ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏ.சி. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே பல ஆண்டுகளாகச் சேர்ந்த பூச்சிகளும் சருகுகளும் ஒரு மெத்தைபோல அடைத்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். வெளியிலிருந்து அது தெரியவே தெரியாது. தளர்ந்த பெல்ட், உறிஞ்சும் பக்கத்தில் சப்பையாகிவிடும் கீழ் ஹோஸ், பின்தங்கிய இக்னிஷன் டைமிங் (தீப்பொறி தாமதமாக விழுவது) ஆகியவையும் சூடேற்றும். இவற்றுக்கெல்லாம் ஒரு சனிக்கிழமை போதும்.

இனி உங்கள் நண்பர் சொன்ன நான்கு வரிசை. வரிசைகளை எண்ணி ரேடியேட்டர் வாங்குவதுதான் இந்த விஷயத்தில் நான் காணும் மிகப் பரவலான தவறு. முதல் வரிசையைத் தொடும் காற்று குளிர்ந்தது. இரண்டாவதைத் தொடுவது ஓரளவு சூடானது. நான்காவதை அடையும்போது அது ஏற்கெனவே வெந்திருக்கும். ஒவ்வொரு வரிசையும் முந்தையதைவிடக் குறைவாகவே உதவுகிறது. அதோடு கோர் தடிக்கத் தடிக்க அதற்குள் காற்று புகுவதே கடினமாகிறது. நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது எதிர்க்காற்று அதைத் தள்ளிவிடும். மேட்டில் நிதானமாக ஏறும் கனத்த வண்டிக்கோ விசிறி இழுக்கும் காற்றுதான் பெரும் துணை. பல ஆண்டுகளுக்கு முன் பழைய வேன் ஒன்றுக்கு இதே ஆசையில் தடித்த கோர் கொண்ட பொது வகை ரேடியேட்டர் ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். அது தடித்திருந்ததால் ஷ்ரவுட் என்னும் விசிறி உறை சரியாக உட்காரவில்லை. ஓர் அங்குல இடைவெளி விழுந்தது. விசிறி ரேடியேட்டர் வழியாக இழுக்க வேண்டிய காற்றை அந்த இடைவெளி வழியாக இழுத்துக்கொண்டது. வண்டி முன்னைவிட அதிகமாகச் சூடேறியது.

செம்பா, அலுமினியமா என்பதற்கு வருகிறேன். செம்பு வெப்பத்தைக் கடத்தும் திறன் அலுமினியத்தைவிட ஏறத்தாழ 1.7 மடங்கு என்பது உண்மைதான். ஆனால் பழைய ரேடியேட்டரில் கூலன்ட் ஓடும் குழாய் பித்தளை. அதன்மேல் ஒட்டியிருக்கும் ஃபின்கள் என்னும் மெல்லிய தகடுகள் மட்டுமே செம்பு. இரண்டையும் இணைப்பது ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று. பித்தளையும் அந்தப் பற்றும் செம்பைவிட மிகக் குறைவாகவே வெப்பத்தைக் கடத்துபவை. காலப்போக்கில் பற்று பொடிந்து ஃபின் குழாயைவிட்டு விலகிவிட்டால், பார்வைக்கு முழுதாக இருக்கும் ரேடியேட்டர் வேலை செய்யாது. விரலால் ஃபின்களைத் தொட்டுப் பாருங்கள். அசைந்தாலோ உதிர்ந்தாலோ அந்தக் கோரின் ஆயுள் முடிந்தது. உங்கள் ரேடியேட்டரில் தெரியும் பச்சைக் கறை செம்பும் பித்தளையும் அரித்து வருவதன் அடையாளம்.

அலுமினியத்தில் குழாயும் ஃபினும் உலையில் ஒன்றாகவே உருகி ஒட்டுகின்றன. அலுமினியக் குழாயை ஓர் அங்குல அகலத்துக்கும் செய்யலாம். செம்பு-பித்தளை வகையிலோ பெரும்பாலும் அரை அங்குலக் குழாய்கள்தான். எனவே அலுமினியத்தின் இரண்டு வரிசை, பழைய வகையின் நான்கு வரிசைக்கு ஈடாகிறது. எடையும் வெகுவாகக் குறைகிறது. அதற்கு ஈடாக நீங்கள் விட்டுக்கொடுப்பது பழுது பார்க்கும் வசதியை. செம்பு-பித்தளையை, கோரின் ஓரத்தில் உள்ள டேங்கைப் பிரித்து, குழாய்களில் கம்பி விட்டுச் சுத்தம் செய்து, திரும்பப் பற்றவைக்கலாம். அலுமினியத்தை வெல்டிங்கில் தேர்ந்தவர்தான் தொட முடியும். அலுமினியக் கோரில் பிளாஸ்டிக் டேங்கை மடித்துப் பொருத்திய வகை உங்கள் வண்டிக்கு வேண்டவே வேண்டாம்.

இந்த வண்டிக்கே உரிய ஒரு விஷயம் இருக்கிறது; தேர்வை அதுதான் தீர்மானிக்க வேண்டும். உங்கள் ரேடியேட்டரின் பக்கவாட்டு டேங்குகளுக்குள் இரண்டு கூலர்கள் ஒளிந்திருக்கின்றன: ஒன்று கியர்பெட்டி எண்ணெயைக் குளிர்விப்பது, மற்றது இன்ஜின் எண்ணெயைக் குளிர்விப்பது. அளவு பொருந்துகிறது என்று பொது வகை ரேடியேட்டரை வாங்கினால் பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான் இருக்கும். இன்ஜின் எண்ணெய்க் கூலரை இழந்துவிட்டு கிரேப்வைன் ஏறுவதை நான் ஒருபோதும் ஒப்பமாட்டேன்.

ஆகவே என் கருத்து இது. பழைய டேங்குகளும் கூலர்களும் அழுத்தச் சோதனையில் தேறி, உங்கள் பகுதியில் இன்னும் கோர் மாற்றித் தரும் நல்ல ரேடியேட்டர் பட்டறை இருந்தால், அந்த டேங்குகளிலேயே புதிய கோர் போட்டு வாங்குங்கள். எல்லாம் பழைய இடத்திலேயே, பழைய உறையோடு, இடைவெளியில்லாமல் உட்காரும். அத்தகைய பட்டறைகள் குறைந்துகொண்டே வருகின்றன என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் செய்தி. டேங்கோ கூலரோ தேறாவிட்டால், இந்த மோட்டார்ஹோமுக்கென்றே அளவெடுத்து, இரண்டு கூலர்களோடும், ஓர் அங்குலக் குழாய்கள் இரண்டு வரிசையோடும் செய்த முழு அலுமினிய ரேடியேட்டரை வாங்குங்கள். எதைத் தேர்ந்தாலும் பழையதைக் கழிவு விலைக்கு உடனே கொடுத்துவிடாமல், புதியது ஒரு கோடை மேடேறித் தேறும் வரை வைத்திருங்கள்.

பொருத்தும்போது எண்ணெய்க் குழாய் இணைப்புகளை இரண்டு ஸ்பேனர் கொண்டு, ஒன்றால் பிடித்து மற்றொன்றால் திருப்புங்கள். அலுமினியத்தில் மரை எளிதில் கழன்றுவிடும். தாங்கிகளில் ரப்பர் இருக்கட்டும். கூலன்ட்டில் கசியும் மின்சாரம் அலுமினியத்தை அரித்துத் துளைத்துவிடும் என்பதால், வோல்ட்மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எதிர்மின் (−) முனையிலும், மறு முனையை உலோகத்தைத் தொடாமல் கூலன்ட்டிலும் வைத்து, வண்டியின் விளக்குகளையும் விசிறிகளையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். 0.3 வோல்ட்டைத் தாண்டினால் எங்கோ எர்த் இணைப்பு சரியில்லை. அதைச் சரிசெய்யாமல் அலுமினியம் போடக் கூடாது. பின்புறம் உள்ள குளியல் வாட்டர் ஹீட்டருக்கு இன்ஜினின் கூலன்ட் நீண்ட ஹோஸ் வழியாகப் போய் வரும் அமைப்பு உங்கள் வண்டியில் இன்னும் இருந்தால், அதில் காற்று தங்கிவிடும். நிரப்பிய பின் ஹீட்டரைத் திறந்து வைத்து ஓடவிட்டு, குளிர்ந்ததும் மீண்டும் மட்டம் பார்த்து ஊற்றுங்கள். ஓரிரு முறை இதைச் செய்ய வேண்டியிருக்கும்.

கேள்வி: நானும் இதே மோட்டார்ஹோமை வைத்திருக்கிறேன். பழைய ரேடியேட்டருக்குக் கோர் மாற்றிவிட்டேன். எந்த கூலன்ட் ஊற்றுவது? அதிக அழுத்தமுள்ள மூடி போட்டால் கொதிக்காது என்கிறார்களே?
- வாசகி, ஸ்கார்பரோ, டொராண்டோ

பதில்: ஈயப் பற்று உள்ள ரேடியேட்டருக்குப் பழைய பச்சை நிற வகையே ஏற்றது, நீண்ட ஆயுள் என்று விற்கும் ஆரஞ்சு நிற வகைகளில் பல ஈயப் பற்றைப் போதிய அளவு காப்பதில்லை. நிறத்தை மட்டும் நம்பாமல் புட்டியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். எத்திலீன் கிளைக்காலும் வடித்த நீரும் சரிபாதியாகக் கலந்தால் பூச்சியத்துக்குக் கீழ் ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ் வரை உறையாது; உங்கள் ஊர்க் குளிருக்கு அது தாராளம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

மூடியைப் பொறுத்தவரை, ஒவ்வொரு பவுண்டு அழுத்தமும் கொதிநிலையைச் சுமார் ஒன்றரை டிகிரி செல்சியஸ் உயர்த்துகிறது என்பது சரியே. அதனால் வெளியேறும் வெப்பம் கூடுவதில்லை. கொதிப்பது சற்றுத் தள்ளிப்போகிறது, அவ்வளவுதான். பழைய ஹீட்டர் கோரும் ஹோஸ்களும் அந்தக் கூடுதல் அழுத்தத்தைத் தாங்காமல் பிளந்துகொள்ளலாம். கையேடு சொல்லும் மூடியையே புதிதாக வாங்குங்கள்.

கேள்வி: இதே மோட்டார்ஹோமில் விசிறி கிளட்சைக் கழற்றிவிட்டு எலெக்ட்ரிக் ஃபேன் போடலாமா?
- வாசகர், சான் ஹோசே

பதில்: இந்த எடைக்கு வேண்டாம். இன்ஜினோடு இணைந்த பெரிய விசிறி இழுக்கும் அளவு காற்றை இழுக்க எலெக்ட்ரிக் ஃபேனுக்குப் பெரும் மின்சாரம் வேண்டும். அதைத் தருவதற்கு ஆல்டர்நேட்டரையும் மாற்ற வேண்டிவரும். கிளட்ச் நல்ல நிலையில் இருந்து, உறையின் ஓரங்கள் ரப்பர் பட்டையால் மூடப்பட்டு, விசிறியின் இறக்கைகள் உறைக்குள் பாதியும் வெளியே பாதியுமாக நின்றால் போதும். மேடு தொடங்கும் முன்பே கியரை இரண்டுக்கு இறக்கிவிடுங்கள். இன்ஜின் வேகமாகச் சுழலும்போது வாட்டர் பம்ப்பும் விசிறியும் அதனோடு சேர்ந்து வேகமாகச் சுழலும்.