ஜப்பானிய மரபு நிறங்களில் வரும் பேனா மை: பெயருக்குத்தான் அந்த விலையா?

பைலட் கம்பெனியின் இரோஷிசுகு, செய்லர் கம்பெனியின் ஷிகிஓரி மாதிரியான ஜப்பானிய மைகளுக்கு மரபு நிறங்களின் பெயர் வைக்கிறார்களே, அதில் விஷயம் இருக்கிறதா, விளம்பரமா? ஒரே ஒரு பாட்டில் வாங்குவதென்றால் எது? கேள்வி இதுதான். பல வருடமாக இந்த மைகளில்தான் எழுதுகிறேன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், இந்தப் பெயர்கள் எல்லாமே மரபு நிறங்கள் இல்லை. 2007-இல் பைலட் தொடங்கிய இரோஷிசுகு வரிசையில் பல மைகளுக்கு இயற்கைக் காட்சிகளின் பெயர்தான். ட்சுகி-யோ என்பது நிலா இரவு, சிகு-ரின் மூங்கில் காடு, யூ-யாகே அந்திச் சிவப்பு. பழைய சாயக்காரர்களின் நிறப் பட்டியலில் இவற்றைத் தேடிப் பயனில்லை. கொன்-பெகி மாதிரி உண்மையிலேயே பழைய நிறப்பெயர்களும் நடுவில் உண்டு.

ஆனாலும் இதை விளம்பரம் என்று என்னால் ஒதுக்க முடியாது. காரணம், பெயர்களைவிட நிறங்களைத் தேர்ந்தெடுத்த விதம். நீலம், கறுப்பு, சிவப்பு, பச்சை என்று நான்கோடு நிற்காமல், இரண்டு நிறங்களுக்கு நடுவே இருக்கும் மங்கலான நிறங்களுக்கு அவர்கள் கொடுக்கும் மரியாதை வேறெங்கும் நான் பார்க்காதது. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

ஜப்பானின் எடோ காலத்தில் (1603-1868) ஆடம்பரத் தடைச் சட்டங்கள் திரும்பத் திரும்ப வந்தன. கையில் பணம் சேர்ந்த வணிகர்களும் நகரவாசிகளும் பகட்டான ஊதா, அடர் சிவப்பு எல்லாம் உடுத்தக் கூடாது. மிச்சம் இருந்தது தவிட்டு நிறம், சாம்பல், அவுரி நீலம். சரி, இதற்குள்ளேயே விளையாடுவோம் என்று இறங்கிவிட்டார்கள். ‘48 தவிடு, 100 சாம்பல்’ என்று ஜப்பானில் ஒரு வழக்கே உண்டு. எண்ணிப் பார்த்துச் சொன்ன கணக்கு இல்லை, அத்தனை விதம் இருந்தது என்பதற்கான பேச்சு. கபுகி நாடக நடிகர் மேடையில் உடுத்திய தவிட்டு நிறம் அவர் பெயராலேயே ஊரெல்லாம் பரவும். நடிகர் இச்சிகாவா தான்ஜூரோ பெயரில் ஒன்று, ரோகோ என்ற புனைபெயர் கொண்ட செகாவா கிகுனோஜோவின் பெயரில் இன்னொன்று.

செய்லரின் ரிக்யூ-ச்சா மை இந்த வழியில் வந்தது. 16-ஆம் நூற்றாண்டுத் தேநீர்க் குரு சென் நோ ரிக்யூவின் பெயர் தாங்கிய மரபு நிறம் அது. பச்சை கலந்த தவிடு. நிப் வேகமாக ஓடும் இடத்தில் வெளிறியும், வளைவில் நின்று திரும்பும் இடத்தில் மை தேங்கி அடர்ந்தும், ஒரே எழுத்துக்குள் இரண்டு மூன்று சாயல் காட்டும். இதை ஷேடிங் என்பார்கள். இந்த மாதிரி நடுநிறங்கள் பல சாயங்களைக் கலந்து செய்தவை. காபி வடிகட்டும் தாளில் ஒரு சொட்டு வைத்து, தாளின் ஓரத்தைத் தண்ணீரில் தொட்டு நிறுத்திப் பாருங்கள். தண்ணீர் மேலேறும்போது சாயங்கள் தனித்தனியாகப் பிரியும். ஒற்றை நிறம் என்று நினைத்ததற்குள் எவ்வளவு வேலை இருக்கிறது என்று அப்போது தெரியும்.

எனக்கு மிகவும் பிடித்தது பைலட்டின் ட்சுயு-குசா. நம் வயல் வரப்பில் முளைக்கும் கானாவாழையின் இனத்தைச் சேர்ந்த செடி அது; அந்தப் பூவின் நீலம்தான் மையின் நீலமும். கியோட்டோவில் யூசென் முறையில் பட்டுத்துணிக்கு வண்ணம் தீட்டுகிறவர்கள், இந்தச் செடியின் பெரிய பூ வகையிலிருந்து எடுத்த நீலத்தால் முதல் கோட்டோவியத்தை வரைவது மரபு. வண்ணம் ஏற்றி முடித்ததும் தண்ணீரில் அலசினால் கோடு போய்விடும். பெயருக்கேற்ப இந்த மையும் தண்ணீர் பட்டால் கரையும். டைரிக்கும் கடிதத்துக்கும் அதனால் குறை ஒன்றும் இல்லை.

சரி, எதை வாங்கலாம்? எல்லோரும் கொன்-பெகியைத்தான் சொல்வார்கள். அருமையான மை, மறுக்கவில்லை. ஆனால் பளிச்சென்ற நீலம் வேறு கம்பெனிகளிலும் கிடைக்கும். முதல் பாட்டிலே ரிக்யூ-ச்சாவாக இருக்கட்டும் என்பேன். ஷிகிஓரி 20 மில்லி பாட்டிலில் வருவதால் பெரிய செலவில்லாமல் பழகலாம். பைலட்தான் வேண்டுமென்றால் 50 மில்லி பாட்டிலுக்குப் போகாமல் 15 மில்லியில் ஆரம்பியுங்கள். (50 மில்லி பாட்டில் தனி அழகு. கனத்த கண்ணாடி, கடைசி மையும் சேரும்படி அடியில் ஒரு குழி.)

நிப் மீடியமாவது இருக்கட்டும். ஜப்பானிய ஃபைன் நிப் ஐரோப்பிய ஃபைனைவிட மெலிது, ஃபுயு-ஷோகுன் மாதிரிக் குளிர்ந்த சாம்பல் மையை அதில் போட்டால் படிக்கவே சிரமம். அப்புறம் தாள். மலிவு நோட்டில் இரோஷிசுகு மை ஊறிப் பரவும், பின்பக்கமும் தெரியும். நல்ல பாண்ட் பேப்பர் போதும். தோமோயே ரிவர் என்ற மெல்லிய ஜப்பானியத் தாள் கிடைத்தால் ஷேடிங் முழுசாகத் தெரியும்.

செக், பத்திரம், அரசு விண்ணப்பம் இதற்கெல்லாம் இந்த மைகள் வேண்டாம். அவற்றுக்கு செய்லரின் கிவா-குரோ போன்ற நிறமி மை (கரையும் சாயத்துக்குப் பதில் நுண்ணிய நிறத் துகள்கள் கலந்தது) போடுங்கள், காய்ந்தபின் தண்ணீருக்கு அசையாது. அதைப் போடும் பேனாவைக் காயவிடாமல் எழுதிக்கொண்டே இருங்கள், மை மாற்றும்போதெல்லாம் நன்றாக அலசிவிடுங்கள்.