சர்க்கரை நோய்க்கு உடற்பயிற்சி: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

நான் பிசியோதெரபிஸ்ட். சர்க்கரை உள்ளவர்களுக்குப் பயிற்சி சொல்லித் தருவதுதான் பல வருடங்களாக என் வேலை. மருந்தின் அளவை மட்டும் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

வயது 54. தினமும் காலையில் அரை மணி நேரம் நடக்கிறேன். போதுமா மேடம்?

நல்ல தொடக்கம் ஐயா. வாரத்துக்கு 150 நிமிடம் என்பதுதான் பொதுவான கணக்கு, அதைத் தாண்டிவிட்டீர்கள். வேகம் எப்படி? நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. இதோடு தசைக்கும் வேலை கொடுங்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பிலும், இயங்கும் தசை ரத்தத்திலிருந்து சர்க்கரையை நேரடியாக இழுத்துக்கொள்ளும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருங்கள், மூன்று சுற்று, வாரம் இரண்டு மூன்று நாள். சாப்பிட்டதும் பத்து நிமிடம் நடந்தால் உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரை குறையும்.

நடந்தால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டரைக் கேளுங்கள்.

அப்பாவுக்கு கிளிமிபிரைடு மாத்திரை. வெறும் வயிற்றில் நடக்கப் போனால் கை நடுங்கி வியர்க்கிறது.

தாழ் சர்க்கரையாக இருக்கலாம் தம்பி. அந்த வகை மாத்திரைக்கும் இன்சுலினுக்கும் இந்த ஆபத்து உண்டு. நடுங்கினால் உடனே நிற்கச் சொல்லுங்கள். மீட்டரில் சர்க்கரை 70-க்குக் கீழே இருந்தால், அல்லது பார்க்க மீட்டர் இல்லாவிட்டால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். சட்டைப் பையில் எப்போதும் குளுக்கோஸ் இருக்கட்டும். நடையைச் சாப்பாட்டுக்குப் பின் மாற்றுங்கள், இதை டாக்டரிடமும் சொல்லுங்கள்.

கூழாங்கல் பரப்பி வெறுங்காலில் எட்டு நடை நடந்தால் சர்க்கரை போய்விடும் என்கிறார்களே?

எட்டு போட்டு நடப்பதும் நடைதான், தாராளமாக நடங்கள். ஆனால் செருப்போடு.

எட்டு நடையால்தான் எனக்கு 240 இருந்தது 150 ஆனது. கல் குத்தினால்தான் பலன். தெரியாமல் பேசாதீர்கள்.

குறைந்ததில் எனக்கும் மகிழ்ச்சி ஐயா. குறைத்தது நீங்கள் நடந்த நடை, கல் அல்ல.

எங்கள் தாத்தா வயலில் செருப்பில்லாமல்தான் நடந்தார். அவருக்கு எதுவும் வரவில்லையே?

உங்கள் தாத்தாவுக்கு முள் குத்தினால் வலித்தது, காலை எடுத்தார். வருடக்கணக்கில் சர்க்கரை இருப்பவர்களில் பலருக்கு அந்த வலியே தெரியாது. என்னிடம் வந்த ஒருவர் வெயிலில் கோயில் பிரகாரம் சுற்றிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். அதைக் கண்டுபிடித்ததே அவர் மனைவிதான், அவருக்குத் தெரியவில்லை. அந்தப் புண் ஆற மாதக்கணக்காயிற்று. இன்று ராத்திரியே ஒரு சோதனை செய்யுங்கள். கண்ணை மூடிக்கொள்ளுங்கள், வீட்டில் ஒருவர் உங்கள் கால்விரல்களை மெல்லத் தொடட்டும், அழுத்தக் கூடாது. எந்த விரல் என்று சொல்ல முடியவில்லையா? காலைப் பரிசோதிக்கும் டாக்டரிடம் போங்கள், எம்.சி.ஆர். செருப்பு (பாதத்தை அழுத்தாத மெத்தென்ற ரப்பர் செருப்பு) வாங்குங்கள்.

மூன்று மாதமாக நடக்கிறேன். மாத்திரையை விடலாமா?

மேலே சொல்லிவிட்டேன்.

முட்டி தேய்மானம் உள்ளவர்கள்?

நடை வலித்தால் சைக்கிள். தொடைத் தசை வலுவானால் முட்டி வலி குறையும். நாற்காலிப் பயிற்சியே போதும், உயரமான நாற்காலியில் தொடங்குங்கள்.

கண்ணில் லேசர் செய்திருக்கிறேன். ஜிம் போகலாமா?

கண் டாக்டர் சரி என்று சொல்லும் வரை மூச்சை அடக்கி எடை தூக்காதீர்கள்.

நடைப்பயிற்சியே போதும்போல. மாத்திரை எதற்கு?

மூன்றாவது முறை கேட்கிறீர்கள். சென்னையில் நடந்து 2006-ல் வெளியான இந்திய ஆய்வில், நடையும் உணவு மாற்றமும் சர்க்கரை நோய் வருவதை 28.5 சதவீதம் குறைத்தன. அது நோய் வரும் விளிம்பில் இருந்தவர்களுக்கு. ஏற்கனவே வந்தவர் மாத்திரையை விடலாம் என்று அதற்கு அர்த்தம் இல்லை.

வீட்டுக்குள்ளும் செருப்பா? பூஜை அறை இருக்கிறதே.

வீட்டுக்குத் தனி ஜோடி வையுங்கள் அம்மா. பூஜை அறையில் மட்டும் சுத்தமான காலுறை போதும். செருப்பை மாட்டும் முன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள், கல்லோ ஆணியோ இருக்கலாம்.