கொறங்காட்டில் பட்டாம்பூச்சிக் கணக்கெடுப்பு

கேள்வி: காங்கேயம் அருகே எங்களுக்கு நான்கு ஏக்கர் கொறங்காடு (மானாவாரி மேய்ச்சல் நிலம்) உள்ளது. அங்கு வரும் பட்டாம்பூச்சிகளைப் படமெடுத்து உயிரினங்களைப் பதிவுசெய்யும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் ஏற்றுகிறேன். இதனால் நிலத்துக்குப் பயன் உண்டா? பூச்சிகள் பெருக மரக்கன்றுகள் நடலாமா?

பதில்: மரக்கன்றுகள் வேண்டாம். கொழுக்கட்டைப் புல்லும் ஆங்காங்கே நிற்கும் வெள்வேல மரங்களும் கிளுவை வேலியும் சேர்ந்ததே கொறங்காடு. வெயில்படும் புல்தரையை நம்பி வாழும் வெட்டுக்கிளிகளும் நீலன் வகைச் சிறு பட்டாம்பூச்சிகளும் அடர்நிழல் விழுந்தால் அங்கே தங்குவதில்லை.

தனிப்படங்கள் ஓர் இனம் அங்கே இருந்ததைக் காட்டுமே தவிர, கூடுகிறதா குறைகிறதா என்று காட்டா. அதற்கு, பிரிட்டனில் 1976 முதல் தன்னார்வலர்கள் பின்பற்றும் முறை எளியது. நிலத்துக்குள் ஒரு பாதையை நிலையாக வைத்துக்கொண்டு, வாரம் ஒருமுறை, வெயில் ஏறிய காலைப் பொழுதில் ஒரே வேகத்தில் நடந்து, இருபுறமும் 2.5 மீட்டர், முன்னால் 5 மீட்டர் எல்லைக்குள் தென்படுபவற்றை மட்டும் எண்ணி எழுத வேண்டும். ஒன்றும் தென்படாத நாளில் பூச்சியம் என்று எழுதத் தவறாதீர்கள்; பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

நீலன்களை இனம் பிரிக்க இறக்கையின் அடிப்புறப் புள்ளிகள் தேவை. எனவே இறக்கையை மூடி அமரும்வரை பொறுத்துப் பக்கவாட்டில் படமெடுங்கள். வெந்தய வரியன் என்னும் பட்டாம்பூச்சி எருக்கிலையில் வயிற்றை வளைத்து முட்டையிடுவதைக் கண்டால் செடியின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பு என்பது பெரும்பாலும் மேய்ச்சலை ஒழுங்குபடுத்துவதே. நிலத்தைப் பிரித்துச் சுழற்சியாக மேயவிட்டு, ஒரு பகுதியையாவது புல் விதை உதிரும்வரை விட்டுவையுங்கள். காய்ந்த புல்லை மொத்தமாகக் கொளுத்தினால் தண்டிலும் சருகிலும் இருக்கும் முட்டைகளும் கூட்டுப்புழுக்களும் அழியும். குடற்புழு நீக்கத்துக்கு ஐவர்மெக்டின் கொடுத்த மாட்டின் சாணம் சாணவண்டுப் புழுக்களைக் கொல்லக்கூடியது. ஆகவே மருந்தின் தேவையையும் வேளையையும் கால்நடை மருத்துவரிடம் கேட்டு முடிவுசெய்யுங்கள்.

எந்தப் பகுதி எப்போது மேய்க்கப்பட்டது என்பதையும் அதே நோட்டில் எழுதுங்கள். எண்ணிக்கை மாறும்போது காரணத்தைத் தேட அந்த வரிதான் உதவும். ஐப்பசி மழைக்குக் காத்திராமல், புல் காய்ந்திருக்கும்போதே முதல் நடையைத் தொடங்கிவிடுங்கள்.